கீழ்த்தண்ணீர்

மீனம்மாள் போன மாசியில் செத்துப்போனாள். காலமானாள், சிவபதவி அடைந்தாள் என்றெல்லாம் எழுதினால் அவளுக்கே பிடிக்காது. மூன்று நாள் காய்ச்சல், நாலாம் நாள் காலையில் ஆள் இல்லை. ஊரில் கேட்டால், "இறால் தடவுறவ, கோணிப்பையை ஆத்துல விட்டுக்கிட்டுத் திரிஞ்சவ" என்று சொல்லிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்ப்பார்கள். என்னால் அப்படிப் போக முடியவில்லை. அவள் வாழ்க்கையில் ஏழு வருஷத்தைப் பாழாக்கினவன் நான். பணிவு காட்டுவதற்காக இதைச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கும் பணிவுக்கும் எந்தக் காலத்திலும் ஒத்துவந்ததில்லை.

என் பெயர் ஆத்மநாதன். ஆவுடையார்கோயில் பக்கம். 1935ஆம் வருஷம், வெள்ளாறு கடலில் விழுகிற இடத்தில் பொழிக்குடி என்கிற சின்னக் குடியிருப்புக்கு வேலையாக வந்தேன். அங்கே ஒரு படகுத்துறை கட்டலாம் என்று சர்க்காரில் யோசனை. கட்டுவதற்கு முன்னால் முகத்துவாரத்துத் தண்ணீரின் போக்குத் தெரிய வேண்டும் என்றார் இஞ்சினியர். எந்தத் திதியில், எந்த மணிக்கு, எவ்வளவு ஏறும், எவ்வளவு வற்றும், எந்தப் பக்கம் ஓடும் என்று எல்லாவற்றையும் காகிதத்தில் பிடித்துவிட்டால், அப்புறம் ஆற்றைப் பார்க்காமலே ஆற்றைப் பற்றிச் சொல்லிவிடலாமாம். ஆற்றின் வாயில் ஒரு அளவுக்கம்பு, மேலே ஒன்றரை மைலில் இன்னொன்று. இரண்டிலும் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று நாள் முழுக்கக் குறித்துவைப்பது என் உத்தியோகம். ஊர்க்காரர்கள் என்னை ரைட்டர் என்றார்கள்.

ஒரு வருஷத்துக்குள் நான் ஒரு அட்டவணை போட்டுவிட்டேன். பிறையைச் சொல்லுங்கள், தண்ணீர் திரும்புகிற நேரத்தைச் சொல்லுவேன். இருபது நாள் தள்ளி வருகிற வற்றத்தைக் கால் மணி நேரம் பிசகாமல் சொல்லியிருக்கிறேன். தோணிக்காரர்கள் என்னிடம் வந்து கேட்டுவிட்டுத்தான் கிளம்புவார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆறே என் சட்டைப்பைக்குள் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு திரிந்தேன்.

மீனம்மாளை எனக்குத் தெரிந்தது அந்தக் கம்பினால்தான். மேல் கம்புக்குப் பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் இடுப்பளவு, மாரளவு தண்ணீரில் நின்று இறால் தடவுவார்கள். பனையோலையில் முடைந்த பறியின் வாயைப் பல்லால் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவிக்கொண்டே காலால் நகர்வார்கள். சேற்றுத்தண்ணீரில் கண்ணுக்கு என்ன தெரியும்? கால்தான் எல்லாம். எங்கே பள்ளம், எங்கே சிப்பி, எங்கே இறால் ஒண்டியிருக்கும் என்று காலைக் கேட்டுத்தான் அவர்கள் நடப்பார்கள். மீனம்மாள் பத்து வயதில் இறங்கியவள். அவளோடு போனால் பறி நிறையும் என்று மற்ற பெண்கள் சண்டை போட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் நிற்பார்கள்.

அவள் புருஷன் ராக்கன் வீச்சுவலைக்காரன். வலையின் அடிக்கயிற்றில் ஈயத்தகட்டைச் சுற்றிப் பல்லால் கடித்து இறுக்குவார்கள், பார்த்திருப்பீர்கள். ராக்கனுக்கு மேல்பல்லில் ஒன்று பாதி ஒடிந்திருந்தது. அவன் கடித்த ஈயம் ஒவ்வொன்றிலும் அந்த இடத்தில் மட்டும் பல் பதியாமல் ஒரு சின்ன மேடு நிற்கும். ஐந்து வயது மகள் அழகம்மாள் பத்து வலையைக் கலந்து போட்டாலும் ஈயத்தைத் தடவிப் பார்த்தே, "இது எங்கப்பா கடிச்சது" என்று எடுத்துக்கொடுப்பாள்.

"ஈயத்தைக் கடிச்சுக் கடிச்சே இருக்குற பல்லையும் ஒடிச்சுக்கப் போறீக," என்பாள் மீனம்மாள்.

"பல்லு போனா என்னடி, நீ ஆக்குற கஞ்சிக்குப் பல்லா வேணும்?" என்பான் அவன். இதெல்லாம் நான் கம்பைப் பார்த்துக் குறித்துக்கொண்டே கேட்டது.

1936 ஐப்பசி. மேற்கே பதினோரு நாள் விடாத மழை. பன்னிரண்டாம் நாள் வெயில் அடித்தது. ஆறு செந்தண்ணீராகக் கடலைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. ராக்கன் காலையில் வலையோடு முகத்துவாரத்து மணல்திட்டுக்குப் போனான். பதினோரு மணிக்குத் தோணிக்காரர் யாக்கூப் அந்தப் பக்கமாக வந்தவர், திட்டில் கிடந்த ஒரு துண்டையும் ஓலைப்பையையும் எடுத்து வந்தார். பையில் ஐந்து மடவை மீன். ஒன்றுக்கு உயிர் இருந்தது. ராக்கனும் இல்லை, வலையும் இல்லை. திட்டின் ஓரம் புதிதாகச் சரிந்திருந்தது என்று யாக்கூப் சொன்னார்.

ஊரே கரைக்கு ஓடிவந்தது. மீனம்மாள் இறால் தடவிக்கொண்டிருந்தவள், பறியோடு அப்படியே வந்து நின்றாள். அழவில்லை. புருஷனின் துண்டை வாங்கி மோந்து பார்த்தாள்.

ஆற்றுவாயில் ஆள் போனால் அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. விழுந்த இடத்தில் மூன்று உரிக்காத தேங்காயை விடுவார்கள். அது போகிற வழியில்தான் ஆள் போயிருப்பான் என்று பின்னாலேயே தோணி போகும். விட்டார்கள். மூன்றும் திட்டைத் தாண்டி, கடலுக்குள் போய், தெற்கே திரும்பின. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் நோட்டுப் புத்தகத்தை விரித்தேன். ஒன்பதே காலுக்கு வற்றம் ஆரம்பம், மூன்று மணி வரைக்கும் தண்ணீர் கடலுக்கு.

"தேங்காயும் என் கணக்கும் ஒண்ணாத்தான் சொல்லுது. நாலு தோணியும் தெக்கே போகட்டும்," என்றேன்.

அப்போதுதான் மீனம்மாள் வாயைத் திறந்தாள்.

"ஐயா, ஒரு தோணி மட்டும் மேல, ஆத்துக்குள்ள விடச் சொல்லுங்க. ஒண்ணே ஒண்ணு."

"எதுக்கு?"

"மேல்தண்ணிதான் கடலுக்குப் போவுதுங்க. கீழ்த்தண்ணி உள்ள போவுது. காலையில இருந்து எங்கால்ல மண்ணு மேற்காமத்தான் இழுத்துக்கிட்டு இருக்கு. வலைக்கயிறு அவரு மணிக்கட்டுல கட்டியிருக்குமுங்க. ஈயம் அவரை மிதக்க விடாதுங்க. தேங்கா மிதக்கும், அவரு எப்பிடி மிதப்பாரு?"

எவ்வளவு தெளிவாகச் சொன்னாள்! வலைக்காரன் மணிக்கட்டில் கயிறு கட்டித்தான் வீசுவான் என்பது அங்கே நின்ற சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. அப்பனும் பாட்டனும் தேங்காய் விட்டார்கள், அதனால் தேங்காய். எனக்கு என்ன வந்தது? அத்தனை பேர் முன்னால் இறால் தடவுகிற ஒருத்தி என் அட்டவணையைத் தப்பு என்கிறாளே என்று சுருக்கென்று கோபம் வந்தது.

"ஒரே ஆறு ஒரே நேரத்துல ரெண்டு பக்கமும் ஓடுமா? நீ போய் இறாலைத் தடவு. தண்ணியை நான் பாத்துக்கிறேன்."

நாலைந்து பேர் சிரித்தார்கள். புருஷன் செத்துக் கிடக்கிறானோ என்று தவிக்கிறவள் முன்னால் சிரித்தார்கள், நான் சிரிக்கவைத்தேன். யாக்கூப் மட்டும், "ரைட்டரே, ஒரு தோணிதான, அந்தப் புள்ள கேக்குது, விட்டா என்ன?" என்றார். "பொழுது போகுது, கிளம்புங்க" என்று அவரையும் கடலுக்கு விரட்டினேன்.

அன்றைக்கும் மறுநாளும் நாலு தோணியும் கடலை அலசின. மீனம்மாள் மறுநாள் காலையில் தன்னந்தனியாக ஆற்றில் இறங்கி, காலால் துழாவிக்கொண்டே மேற்கே போனாள். கண்டல் மரங்கள் கவிந்த வளைவு வரைக்கும் போனாளாம். அங்கே தண்ணீர் கழுத்துக்கு வந்துவிட்டது. அதற்கு மேல் தோணி இல்லாமல் போக முடியாது. திரும்பிவிட்டாள். கரையேறி வந்தவள் உதடு நீலம் பாரித்துப்போயிருந்தது. நான் பார்த்தேன். பார்த்துவிட்டு மணியைக் குறித்துக்கொண்டேன்.

உடம்பு கிடைக்கவில்லை. மூன்றாம் நாளும் இல்லை, ஐந்தாம் நாளும் இல்லை. தெற்கே மீமிசல் வரைக்கும் ஆள் விட்டுக் கேட்டாயிற்று. என் அட்டவணைப்படி ஒதுங்கியிருக்க வேண்டிய கரையில் தேங்காய்தான் ஒதுங்கிக் கிடந்தது.

இனிமேல் சொல்லப்போவதுதான் நான் செய்த பாவம். பெட்டிக்கடையில் நாலு பேர், "என்ன ரைட்டரே, ஒங்க கணக்கு பொய்யாப் போச்சே" என்று கேலி பேசினார்கள். எனக்கு முகம் சுண்டிவிட்டது. "கணக்கு பொய்யாகாது. கடல்லயும் இல்ல, கரையிலயும் இல்லன்னா ஆளு தண்ணியில விழவே இல்லைன்னு அர்த்தம். வலையும்ல காணோம்? வலையை எங்கயாச்சும் தள்ளிவிட்டுட்டுத் தனுஷ்கோடியில கப்பலேறியிருப்பான்" என்று சொன்னேன். வாய்க்கு வந்ததைச் சொன்னேன். என் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு செத்த மனுஷனை ஓடவைத்தேன்.

எட்டே நாளில் அது ஊர்ப்பேச்சாகிவிட்டது. ராக்கன் கொழும்பில் இருக்கிறான். ராக்கன் ஒரு சிங்களத்தியோடு இருக்கிறான். யாரோ பார்த்துவிட்டே வந்தார்களாம். ராக்கனின் தம்பி செல்லமுத்து, "அண்ணன் உசுரோட இருக்கையில கருமாதி பண்ணச் சொல்லுறீங்களா?" என்று காரியத்தை நிறுத்திவிட்டான். தாலி மீனம்மாள் கழுத்திலேயே கிடந்தது. குளத்தடிக்குப் போனால், "கொழும்புக்காரர் பொண்டாட்டி வந்துட்டா, வழி விடுங்கடி" என்பார்கள். அழகம்மாள் ஓடிப்போனவன் மகள் ஆகிவிட்டாள். ஒரு நாள் அந்தப் பிள்ளை, "ஆத்தா, அப்பா என்னையப் புடிக்காமயா போயிட்டாரு?" என்று கேட்டதாம். மீனம்மாள் அவளைத் தூக்கிக்கொண்டுபோய் யாக்கூப் வீட்டில், அவர் சம்சாரம் சாரா உம்மாளிடம் விட்டுவிட்டு, ஒரு பகல் முழுக்க எங்கேயோ போய் அழுதுவிட்டு வந்தாளாம். சாரா உம்மாள் இதை என்னிடம் சொல்லிவிட்டு, "அல்லா கேப்பான் ரைட்டரே" என்றாள். அதற்கப்புறம் அந்தம்மா எனக்கு ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுத்ததில்லை.

மீனம்மாளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அவர் ஓடவில்லை என்று அந்த ஊர் ஒரு தடவை சொல்ல வேண்டும். அதற்கு அவர் கிடைக்க வேண்டும். வேறு யோசனையே அவளுக்கு இல்லை. இறால் தடவிக்கொண்டேயிருக்கும்போது சட்டென்று நின்று காலால் எதையோ துழாவுவாள். பறி பாதிகூட நிறையாது. அவள் பக்கத்தில் நிற்கச் சண்டை போட்ட பெண்கள் அவளை விட்டுத் தள்ளிப்போய் நின்றார்கள்.

நாலு வருஷம் இப்படிப் போயிற்று. 1940 புரட்டாசியில், அந்தக் கண்டல் வளைவில் தண்ணீர் குறைந்திருந்தபோது அவள் காலைக் கிழித்துக்கொண்டாள். உள்ளங்காலில் நாலு விரற்கடை நீளம். அங்கே சிப்பி அப்பின வேர் ஒன்று அடியில் கிடக்கிறது, கிட்டே போகாதீர்கள் என்று பெண்கள் ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கொண்டார்கள். நொண்டிக்கொண்டு போனவளைப் பார்த்து நான், "என்ன மீனம்மா, ஒன் காலுக்குத்தான் எல்லாம் தெரியுமே, வேரு தெரியலையாக்கும்?" என்றேன். புத்தி அப்படி.

ஐப்பசியில் மழை வந்தது. புண் ஆறவில்லை, ஆனாலும் தண்ணீரில் இறங்கினாள். கஞ்சிக்கு வழி? ஒரு நாள் நேராக என் கம்புக்கு வந்தாள்.

"ஐயா, ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க. முழங்கால்ல ஒரு செராய்ப்பு இருக்கு, தண்ணிக்குள்ளதான் இருக்கு, எரியல. உள்ளங்காலுப் புண்ணு காந்துது. ரெண்டும் ஒரே ஆத்துலதான நிக்குது?"

"அதுக்கு?"

"மேல நல்ல தண்ணி, அடியில உப்புத் தண்ணி. மழைவெள்ளம் கடலுக்குப் போறப்ப அடியில உப்பு எப்பிடிங்க இருக்கும்? கடலு உள்ள வந்தாத்தான இருக்கும்?"

பதில் வராவிட்டால் எனக்குக் கோபம் வரும். "இப்ப காட்டுறேன் வா" என்று கரைக்கு இழுத்துப்போனேன். அங்கே யாக்கூப்பின் பழைய வத்தை ஒன்று, ஒற்றை மரத்தில் குடைந்தது, மழைத்தண்ணீர் தேங்கிக் கிடந்தது. தெளிந்த நல்ல தண்ணீர். ஒரு குடம் கடல்தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன். சர்க்கார் மைக்கூட்டை அதில் கவிழ்த்தேன். நீலமாகிவிட்டது. "இதை இந்த முனையில ஊத்துவேன். ரெண்டு தண்ணியும் கலந்து ஒண்ணாப்போகும், பாரு. தண்ணிக்குத் தண்ணி என்ன வித்தியாசம்?" என்று சொல்லிக்கொண்டே மெதுவாகச் சாய்த்தேன்.

கலக்கவில்லை. நீலம் நேரே அடிக்குப் போயிற்று. போய், அடிமரத்தோடு ஒட்டிக்கொண்டு, மறுமுனையைப் பார்த்து நிதானமாக ஊர்ந்தது. மேலே நல்ல தண்ணீர் அப்படியே தெளிவாக நின்றது. நின்றதா? மீனம்மாள் ஒரு வேப்பிலையைக் கிள்ளி மேலே போட்டாள். இலை என்னைப் பார்த்து வந்தது. அடியில் நீலம் அங்கிட்டுப் போகிறது, மேலே இலை இங்கிட்டு வருகிறது. ஒரே வத்தை, ஒரே நேரம்.

இலை என் விரலில் வந்து முட்டியது. அட பாவி, அட பாவி என்று வாய்விட்டே சொன்னேன். ஐந்து வருஷமாக நான் குறித்தது அத்தனையும் ஆற்றின் மேல்தோல். அடியில் என்ன நடந்தது என்று நான் ஒரு தரம்கூடக் கேட்டதில்லை.

மீனம்மாள் வத்தையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டாள். "அப்ப அவரு மேற்கதாங்க இருக்காரு. ஆத்துக்குள்ளதாங்க இருக்காரு" என்று அந்த நீலத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

இதை அன்றைக்கே ஊரைக் கூட்டிச் சொல்லியிருக்க வேண்டாமா? சொல்லவில்லை. பெட்டிக்கடை வரைக்கும் போனேன், அப்படியே திரும்பி வந்துவிட்டேன். யாக்கூப்பிடம் மட்டும் சொன்னேன். இஞ்சினியருக்கு ஒரு கடிதம் எழுதினேன். சண்டைக் காலம், படகுத்துறை யோசனையைக் கைவிட்டாயிற்று, நோட்டுப் புத்தகங்களை அனுப்பிவைக்கவும் என்று இரண்டு வரியில் பதில் வந்தது. வேலை போயிற்று. நான் நோட்டுகளை அனுப்பவில்லை, சொந்த ஊருக்கும் திரும்பவில்லை.

ஆற்றுக்குள் என்றால் எங்கே? மேலே எத்தனையோ மடு, எத்தனையோ ஓடை. எல்லாவற்றையும் காலால் துழாவ ஒரு ஆயுசு போதாது. மீனம்மாள்தான் வழி கண்டுபிடித்தாள். ஒரு கோணிப்பையில் மணலும், பனைமரத்துக்குள் இருக்கிற லேசான பனஞ்சோறும் அடைத்து, ஆள் கனத்துக்குக் கட்டினாள். மிதக்கவும் கூடாது, கல் மாதிரிக் கிடக்கவும் கூடாது, அடியோடு அடியாகத் தண்ணீர் இழுத்துப்போக வேண்டும். அளவு சரியாக வரப் பதினேழு தடவை பிரித்துக் கட்டினாள். அதன் ஒரு முனையில் பழைய வலைத்துண்டை ஈயத்தோடு தொங்கவிட்டாள். மேலே தெரிவதற்கு நீளமான கயிற்றில் ஒரு காய்ந்த சுரைக்குடுக்கை. அதை அவளும் நானும் யாக்கூப் தோணியில் கொண்டுபோய் ராக்கன் நின்ற திட்டின் ஓரத்தில் விட்டோம்.

முதல் வருஷம் கோணி நேரே கடலுக்குப் போய்விட்டது. ஆற்றில் வெள்ளம் அதிகம். அடியில் உப்புத்தண்ணீரே ஏற முடியவில்லை. அடுத்த வருஷம் மழை போதவில்லை, கோணி கொஞ்ச தூரம் போவதும் திரும்புவதுமாக அல்லாடியது. அதற்கு அடுத்த வருஷம் கயிறு சிக்கி அறுந்தது. மழைக்காலத்தில் ஏழெட்டு நாள்தான் எங்களுக்குத் தோதான தண்ணீர். அது தவறினால் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும். ஊரில் அவளுக்குப் பைத்தியம் என்றார்கள். ஏவல் வைக்கிறாள் என்றார்கள். கோணியை யாரோ ஒரு தடவை கிழித்து மணலைக் கொட்டிவிட்டுப் போனார்கள். "இன்னைக்குக் கட்டி முடிச்சிருவேனுங்க" என்று அவள் மறுபடி உட்கார்ந்து தைத்தாள்.

என் நோட்டுகள் அப்போதுதான் உருப்படியான ஒரு வேலைக்கு வந்தன. ராக்கன் போன அன்றைக்கு இரண்டு கம்பிலும் தண்ணீர் எங்கே நின்றது என்று என் கையெழுத்திலேயே இருந்தது. அதே பிறை, ஆற்றுவாய்க் கம்பில் அதே உயரம், மேல் கம்பில் அதே உயரம். மூன்றும் ஒன்றாகக் கூடி வருகிற நாளைத் தேடினேன். 1943 ஐப்பசியில் கூடி வந்தது. பௌர்ணமி கழிந்து மூன்றாம் நாள். மழை விட்டு வெயில். செந்தண்ணீர். "ஒன்பதே காலுக்கு விடணும்," என்று மீனம்மாளிடம் சொன்னேன். "சரிங்க" என்றாள். முந்தின நாளிலிருந்து அவள் எதுவும் சாப்பிடவில்லை என்று அழகம்மாள் சொன்னாள். அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது.

யாக்கூப் தோணியில் அவரும் நானும் தாயும் மகளுமாக நாலு பேர். கோணி முழுகியது. குடுக்கை கொஞ்ச நேரம் நின்ற இடத்திலேயே ஆடியது. அப்புறம் மேற்கே கிளம்பிற்று. எங்களைச் சுற்றி இலையும் தழையும் நுரையும் கடலைப் பார்த்துப் போகின்றன. அந்தக் குடுக்கை மட்டும் ஓடுகிற தண்ணீரைக் கிழித்துக்கொண்டு எதிர்த்திசையில் போகிறது. கரையில் வலை காயப்போட்டிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். யாரோ ஒருத்தர் கூப்பிட, ஒவ்வொருவராகக் கரையோடு எங்கள் கூடவே நடக்க ஆரம்பித்தார்கள். செல்லமுத்துவும் வந்தான்.

யாக்கூப், "யா அல்லா, யா அல்லா" என்று சொல்லிக்கொண்டே கம்பு ஊன்றினார்.

முக்கால் மைல் போனது. கண்டல் வளைவுக்கு வந்ததும் கரையோரமாக ஒதுங்கி, ஒரு சுற்றுச் சுற்றி நின்றுவிட்டது. அரைமணி பார்த்தோம். நகரவில்லை. கயிற்றைப் பிடித்து இழுத்தேன், வரவில்லை. கோணி அடியில் எதிலோ மாட்டியிருந்தது.

மீனம்மாள் தண்ணீரில் இறங்கினாள். கழுத்தளவு. காலை மெதுவாக வைத்தாள். நின்றாள். அவள் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இது நான் காலைக் கிழிச்ச எடமுங்க," என்றாள்.

அப்புறம், "இது வேரு இல்லைங்க," என்றாள்.

மூச்சுப் பிடித்து முழுகினாள். வந்தாள். மறுபடி முழுகினாள். மூன்றாம் தடவை வந்தபோது கையில் ஒரு கயிற்றுத்துண்டும் அதில் நாலைந்து சிப்பி அப்பின உருண்டையும் இருந்தன. தோணி விளிம்பில் வைத்துச் சிப்பியை நகத்தால் பெயர்த்தாள். நகம் கிழிந்து ரத்தம் வந்தது, அவள் விடவில்லை. உள்ளே ஈயம். அதை மகளிடம் நீட்டினாள். அழகம்மாள் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினாள். கொஞ்ச நேரம் தடவிக்கொண்டேயிருந்தாள்.

"இது எங்கப்பா கடிச்சது," என்றாள்.

வலையை முழுதாக எடுக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. அதற்குள் சேற்றோடு சேறாக என்னென்ன இருந்தது என்று எழுத மாட்டேன். கயிற்றின் நுனியில் மணிக்கட்டுச் சுருக்கு அவிழாமல் இருந்தது. அது போதும். கரையில் விரித்த வேட்டியில் எல்லாவற்றையும் வைத்தோம். செல்லமுத்து, "அண்ணே, அண்ணே" என்று மண்ணில் விழுந்து புரண்டான்.

நான் எழுந்து நின்றேன். ஏழு வருஷமாக வராத வாய் அன்றைக்கு வந்தது. "ராக்கன் ஓடலை. எங்கயும் ஓடலை. அவன் ஓடிட்டான்னு சொன்னவன் நான். என் கணக்கைக் காப்பாத்த நான் சொன்ன பொய் அது" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினேன். யாராவது அடிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒரு கிழவர், "ராக்கன் ஓடல ஆத்தா, நாங்கதான் தப்பாப் பேசிப்புட்டோம்" என்று மீனம்மாளைப் பார்த்துச் சொன்னார். பின்னால் நின்றவர்களும் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். அவளுக்கு வேண்டியது அது. அது அன்றைக்குக் கிடைத்தது.

அவள் அதைக் கேட்டாளா என்றே தெரியவில்லை. உள்ளங்காலைத் திருப்பி அந்தத் தழும்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதைக் கையால் தட்டித் தட்டி ஓவென்று அழுதாள்.

"இவரை மிதிச்சிருக்கேனே. காலைப் புடிச்சாரே, வேருன்னு ஒதறிட்டு வந்தேனே. இருபதடி, இருபதடி தள்ளி நின்னு திரும்பிப் போனேனே அன்னைக்கு!"

கழுத்திலிருந்த தாலியைத் தானே கழற்றி அந்த வேட்டியில் வைத்தாள். மண் போட்டு முடித்து எல்லோரும் கலைந்த பிறகு என்னிடம் வந்தாள். திட்டப்போகிறாள் என்று நின்றேன். குரலை உயர்த்தாமல், ஏதோ மறந்ததை ஞாபகப்படுத்துகிற மாதிரிச் சொன்னாள்.

"ஐயா, அன்னைக்கு நான் ஒரு தோணிதாங்க கேட்டேன்."

நாலு தோணி இருந்தது. நாலையும் கடலுக்கு அனுப்பியவன் நான்.